கொல்லைக் கிணறு சும்மா கிடக்கிறதா?

ஆரணிக்கும் வேலூருக்கும் நடுவில் இருக்கிறது கண்ணமங்கலம். பட்டு நெய்கிற ஊர். இங்கே பழைய நெசவு வீடுகளின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம், பக்கத்திலேயே ஒரு கிணறு. பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுக்கவும், சாயம் முக்கவும் உப்பில்லாத தண்ணீர் வேண்டும். "எங்க கிணத்துத் தண்ணியில சாயம் நல்லாப் பிடிக்கும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலம் ஒன்று உண்டு.

அப்புறம் போர் வந்தது, குழாய் வந்தது, கேன் தண்ணீரும் வந்தது. கிணறு அப்படியே நின்றுவிட்டது. மேலே பாதிக்கு ஒரு துருப்பிடித்த தகரம், மீதிப் பாதி திறந்த வாய். எட்டிப் பார்த்தால் தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் கவர், கறுப்புத் தண்ணீர்.

"மூடிடலாம் அத்தை, குழந்தை ஓடியாடுற வீடு" என்கிறாள் மருமகள். "கிணத்தை மூடினா குடும்பத்துக்கு ஆகாதும்மா" என்கிறார் மாமியார். வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கிறது. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தப்பு என்னவென்றால், மூடாமலும் புழங்காமலும் நடுவில் விட்டு வைப்பதுதான்.

ஏன் என்கிறீர்களா? முதலில் கொசு. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீஃபென்ஸி என்ற கொசுவுக்குக் கிணறும் மாடித் தொட்டியும்தான் பிடித்த இடம். டெங்கு, சிக்குன்குனியா கொண்டுவரும் ஏடிஸ் கொசுவுக்குக் கிணற்றோரம் கிடக்கும் உடைந்த பக்கெட்டே போதும். அமெரிக்காவில் கிணற்றுக்குப் பதில் நீச்சல் குளம். 2007-ல் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட் நகரில் கடன் கட்ட முடியாமல் பலர் வீடுகளை விட்டுப் போனார்கள். கொல்லைப்புறக் குளங்கள் பாசி பிடித்துப் பச்சையாகிக் கொசுப் பண்ணைகளாயின. அந்த வருஷம் அங்கே வெஸ்ட் நைல் காய்ச்சல் திடீரென்று ஏறியதற்கு இந்தக் குளங்களும் காரணம் என்று பூச்சியியல் நிபுணர்கள் எழுதினார்கள். ஊர் எதுவானாலும் கவனிப்பாரற்ற தண்ணீர் ஒன்றுதான்.

கொசுவாவது கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று தெரியாது. சில வீடுகளில், "சும்மாதானே கிடக்குது" என்று கக்கூஸ் குழாயையோ சாயக் கழிவையோ பழைய கிணற்றில் திருப்பிவிடுகிறார்கள். செப்டிக் டாங்க் கட்டும் செலவு மிச்சமாம்! கிணறு என்பது பூமிக்குள் இருக்கும் தண்ணீருக்கு நேர் வாசல். அந்த ஒரு வீட்டுக் கழிவு தெருவில் உள்ள அத்தனை போர்களுக்கும் கசியலாம். வாந்தி பேதி, மஞ்சள் காமாலை, டைஃபாய்டு எல்லாம் இந்த வழியாக வரும். கிருமியைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம். ஆனால் கழிவிலிருந்து இறங்கும் நைட்ரேட் கொதிக்க வைத்தால் போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட அது அடர்த்தியாகத்தான் ஆகும். இப்படிப்பட்ட தண்ணீரில் பால் பவுடர் கலக்கிக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பே நீலம் பாய்ந்துவிடக்கூடும். உங்கள் வீட்டில் இப்படி ஒரு குழாய் இருந்தால், முதல் வேலையாக அதை எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

சரி, கிணற்றை என்னதான் செய்வது?

தண்ணீர் இன்னும் ஊறுகிறது, கழிவு எதுவும் கலந்ததில்லை என்றால், மீண்டும் புழங்குவதுதான் நல்லது. மாமியார் கட்சிக்கு ஒரு ஓட்டு! தூர் வாரி, கைப்பிடிச் சுவரை இரண்டரை அடிக்காவது உயர்த்தி, சுற்றி மூன்றடிக்கு சிமெண்ட் தளம் போட்டு, மேலே கொசுவலையும் இரும்புக் கம்பி மூடியும் போடுங்கள். கழிவறைக் குழி 50 அடிக்கு அப்பால் இருக்கட்டும். கப்பி மீன் விட்டால் கொசுப் புழுக்களைத் தின்றுவிடும். சுகாதாரத் துறையினரே தருவதுண்டு, கேட்டுப் பாருங்கள்.

பிளீச்சிங் பவுடர் கணக்கு எளிது. நல்ல பவுடராக இருந்தால் 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம். கிணற்றின் குறுக்களவு 2 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர் என்றால் சுமார் 9400 லிட்டர். அதற்கு 24 கிராம் வரும். ஒரு பக்கெட்டில் பவுடரைக் குழைத்து, முக்கால் பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிஷம் தெளியவிடுங்கள். தெளிவை மட்டும் வேறு பக்கெட்டில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கொட்டிவிடுங்கள். உள்ளே விட்டால் தண்ணீர் கடினமாகும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்கலாம். தூர் வாரிய முதல் தடவை மட்டும் கூடுதலாகத் தேவைப்படும். சுகாதார ஆய்வாளரிடம் அளவு கேளுங்கள். குடிக்க வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரு முறை சோதித்துவிடுங்கள். முன்பு சாயத் தண்ணீர் விட்ட கிணறா? பிளீச்சிங் பவுடர் அதை ஒன்றும் செய்யாது. குடிக்கவே வேண்டாம்.

வற்றிப்போன கிணறா? மழைநீரை விடலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதற்குப் பழைய கிணற்றைவிடத் தோதான குழி எங்கே கிடைக்கும்? 1000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் வரும். மாடித் தண்ணீர் மட்டும்தான். முற்றம் கழுவிய தண்ணீர் கூடாது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, பிறகு வருவதைக் கருங்கல், ஜல்லி, மணல் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாக இறக்குங்கள். குழாய் முனைக்கும் கிணற்று வாய்க்கும் வலை அவசியம்.

இறங்குவதற்கு முன்னால்

எதைச் செய்தாலும் முதலில் ஒரு ஆள் உள்ளே இறங்க வேண்டியிருக்கும். கவனம் இங்கேதான் வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். பல நாள் புழங்காத கிணற்றில் மட்கும் குப்பை ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். கனமான கரியமில வாயு அடியில் தேங்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். அளவு கூடும்போது மூக்கே மரத்துப்போகும். அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கத்தை நம்பாதீர்கள். எரியும் வாயு இருந்தால் அந்த விளக்கே தீ வைக்கும்; கார்பன் மோனாக்ஸைடு இருந்தால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் டீசல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. வாயுவை அளக்கும் கருவியும், காற்று ஊதும் புளோயரும், இடுப்பில் கயிறும், மேலே பிடிக்க ஆளும் உள்ளவர்களிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்.

உள்ளே ஒருவர் மயங்கினால் பெற்ற அப்பாவாக இருந்தாலும் பின்னாலேயே குதிக்காதீர்கள். இப்படிக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து சாவதைச் செய்தித்தாளில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். 101-க்கும் 108-க்கும் போன் போட்டு, மேலிருந்தே காற்று ஊதுங்கள்.

மூடியே ஆக வேண்டுமென்றால்

கழிவு கலந்த கிணறு, சுவர் சரிந்த கிணறு, இவற்றை மூடத்தான் வேண்டும். அரைகுறையாக அல்ல. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட ஆழ்துளைக் கிணறு ஒன்று இரண்டு வயதுக் குழந்தையை விழுங்கியது. அது அந்தக் குடும்பத்தின் சொந்த நிலம். கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2010-லேயே சொல்லியிருந்தது.

வீட்டுக் கிணற்றுக்கு வருவோம். தண்ணீரை இறைத்து, குப்பை முழுவதையும் எடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டபின், தண்ணீர் ஊறும் மட்டம் வரை சுத்தமான மணலும் ஜல்லியும். அதற்கு மேலே களிமண், ஒவ்வொரு அடிக்கும் திமிசு போட்டு. இடித்த வீட்டுக் குப்பை, பெயின்ட் டப்பா, பழைய துணி எதுவும் போகக்கூடாது. மேல் மூன்று நான்கு அடிக்கு உறையை அல்லது செங்கல் சுவரை உடைத்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மண் இறங்கும்போது அதன் ஓரமாகச் சந்து விழுந்து அழுக்குத் தண்ணீர் நேரே கீழே போகும். கிணறு மூச்சு விடட்டும் என்று சிலர் ஒரு குழாயை நட்டு வைப்பார்கள். மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுங்கள், தடையில்லை. குழாய் மட்டும் வேண்டாம். அல்லது மூடி போட்டு அடைத்துவிடுங்கள்.

வேண்டாத நிலத்தடி சிமெண்ட் தொட்டி என்றால் நிரப்புவதற்கு முன் அதன் அடித்தளத்தில் நாலைந்து இடத்தில் ஓட்டை போட வேண்டும். நீச்சல் குளத்துக்கும் இதேதான். மறந்தால் மழைத் தண்ணீர் உள்ளேயே தங்கி மேலே சேறாகிவிடும்.

மூடிய இடத்தில் ஒன்றிரண்டு மழைக்காலம் மண் இறங்கிக்கொண்டே இருக்கும். மேடாகவே விட்டு, பள்ளம் விழும்போதெல்லாம் மண் போடுங்கள். அதுவரை அதன்மேல் அறையோ மாட்டுக் கொட்டகையோ வேண்டாம். துளசி வைக்கலாம்.