பேலர் சர்வகலாசாலையின் கூடைப்பந்தாட்டம்: வீழ்ந்த கோஷ்டிக்கு ஆள் சேர்த்த வரலாறு

கூடைப்பந்தாட்டத்தில் ஒரு பக்கத்துக்கு ஐவரே ஆடுவர். கால்பந்துக்குப் பதினொருவர் வேண்டும், கிரிக்கெட்டுக்கும் அவ்வாறே. ஆதலின் ஒரு நல்ல ஆட்டக்காரன் வந்து சேர்வதால் ஒரு கோஷ்டி எழுவதும், ஒருவன் நீங்குவதால் அது விழுவதும் இவ்வாட்டத்தில் வெகு விரைவில் நிகழ்கின்றன. இதுபற்றியே, அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கல்லூரிகளில் பயிற்சியாசிரியர்க்குப் பந்தாடக் கற்பிக்கும் வேலையினும் ஆளைத் தேடும் வேலையே பெரிதாய் இருந்துவருகின்றது. வென்றுவரும் கல்லூரிக்கு ஆள் தேடுதல் அரிதன்று. அதன் பெயரே பாதி வேலையைச் செய்துவிடும். தோற்றுக் கிடக்கும் கல்லூரிக்கு, அதிலும் பெயர் கெட்டுக் கிடக்கும் கல்லூரிக்கு, ஒரு தாய் தந்தையர் முன் அமர்ந்து, ‘உங்கள் மகனை எங்களிடம் அனுப்புங்கள்’ என்று எந்த முகத்தோடு கேட்பது? டெக்ஸாஸ் மாகாணத்துப் பேலர் சர்வகலாசாலையார் 2003-ஆம் ஆண்டில் இந்நிலையில் நின்றனர். அவர்கள் செய்ததை நாம் சற்று ஆராய்வோம்.

இவ்வாட்டம் நமக்கு அந்நியமானதன்று. 1891-இல் ஸ்பிரிங்பீல்டு நகரத்துக் கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் என்பார் பீச்சுப் பழக் கூடைகளை மாட்டிவைத்து இதனைத் தொடங்கினார். அதே சங்கத்தைச் சார்ந்த ஹாரி குரோ பக் என்பார் 1920-இல் சென்னையில் தேகப்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். ஆனால் நம் கல்லூரிகளில் விளையாட்டின்பொருட்டுச் சில இடங்களை ஒதுக்கி, விண்ணப்பித்து வருவோரைச் சோதித்து எடுத்துக்கொள்ளுவதே பெரும்பான்மை வழக்கம். அமெரிக்காவிலோ ஆசிரியர் மாணவனைத் தேடிச் செல்லுகிறார். உயர்நிலைப் பள்ளிப் பந்தயங்களுக்கும் கோடைகாலப் போட்டிகளுக்கும் போய்ப் பார்க்கிறார், கடிதம் எழுதுகிறார், வீட்டுக்குச் சென்று பெற்றோரோடு பேசுகிறார், கல்லூரிச் செலவில் பையனை அழைத்துவந்து விடுதியையும் ஆட்டக்கூடத்தையும் காட்டுகிறார். பையன் சம்மதித்தால் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவான். படிப்பு, உணவு, உறைவிடம் ஆகிய எல்லாவற்றுக்கும் உபகாரச் சம்பளம் கிடைக்கும். நாம் சொல்லும் காலத்தில் ஒரு கோஷ்டிக்கு இத்தகைய உபகாரச் சம்பளம் பதின்மூன்றே. எப்பொழுது பேசலாம், எத்தனை முறை அழைக்கலாம் என்பவற்றுக்கெல்லாம் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தார் விதி வகுத்திருக்கின்றனர்.

பேலர், பாப்டிஸ்டு திருச்சபையாரால் 1845-இல், டெக்ஸாஸ் தனிக் குடியரசாயிருந்த காலத்தில், நிறுவப்பெற்றது. 1886 முதல் பிராசஸ் நதிக்கரையிலுள்ள வேக்கோ என்னும் ஊரில் நடைபெற்று வருகின்றது. கூடைப்பந்தில் அதற்குப் பழம்பெருமை ஒன்று உண்டு: 1948-இல் தேசியப் போட்டியின் இறுதிப் பந்தயத்தை எட்டிக் கென்டக்கிக் கோஷ்டியிடம் தோற்றது. 1950-க்குப் பின்னர் அப்போட்டியில் ஒரு பந்தயமும் வென்றதில்லை.

2003-ஆம் ஆண்டுக் கோடையில் அக்கோஷ்டியைச் சேர்ந்த பேட்ரிக் டெனஹி என்னும் இருபத்தொரு வயது மாணவர் காணாமற் போனார். சில வாரங்களுக்குப்பின் அவர் உடல் வேக்கோவுக்கு அருகில் கண்டெடுக்கப்பட்டது. அவரோடு ஒரே கோஷ்டியில் இருந்த ஒருவரே சுட்டுக் கொன்றார் என்பது தெரியவந்தது; அவர் 2005-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு முப்பத்தைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். விசாரணை நடக்கும்போதே வேறொரு கேடும் வெளிப்பட்டது. டெனஹி உள்ளிட்ட இருவரின் படிப்புச் சம்பளத்தைத் தலைமைப் பயிற்சியாசிரியர் டேவ் பிளிஸ் விதிக்கு மாறாகச் செலுத்தியிருந்தார். அதனை மறைப்பதற்காக, இறந்த மாணவர் போதைப்பொருள் விற்றுப் பணம் கட்டினார் என்று சொல்லும்படி அவர் பிறரைத் தூண்டியதை உதவி ஆசிரியர் ஒருவர் ஒலிப்பதிவு செய்து வெளியிட்டார். ஆகஸ்டு மாதத்தில் பிளிஸ் பதவி விலகினார். உயிரிழந்த பிள்ளையின் பெயரையும் இழக்கச் செய்ய முயன்ற இச்செயலை எழுதும்போது நமக்குக் கை கூசுகின்றது. ஆயினும் இதனை விடுத்தால் பின்வந்தவர் சுமந்த பாரம் விளங்காது.

அங்கிருந்த ஆட்டக்காரர் வேறு கல்லூரிக்குச் சென்றால், வழக்கப்படி ஓராண்டு ஆடாமல் காத்திராமலே உடனே ஆடலாம் என்று அனுமதி கொடுக்கப்பட்டது. சிறந்தவர் மூவர் உடனே நீங்கினர். அக்கல்லூரி தானே முன்வந்து அவ்வாண்டில் தேசியப் போட்டியில் நுழைவதில்லை என்றும் தீர்மானித்தது.

இந்த வேளையில், 2003 ஆகஸ்டில், ஸ்காட் ட்ரூ என்னும் முப்பத்திரண்டு வயதினர் அவ்வேலையை ஏற்றார். இவர் இந்தியானா மாகாணத்து வால்பரைசோ கல்லூரியில் தம் தந்தை ஹோமர் ட்ரூவின்கீழ் ஒன்பது ஆண்டு உதவியாளராகவும், பின்னர் ஓராண்டு தலைவராகவும் இருந்தவர். வால்பரைசோ சிறிய கல்லூரி. பெரிய கல்லூரிகள் விட்டுவைத்தவரையும் அயல்நாட்டு வாலிபரையும் தேடி எடுத்தே அது பெயர் பெற்றது. ஆதலின் மிச்சத்தில் நல்லதைப் பொறுக்கும் பழக்கம் இவருக்கு முன்னரே இருந்தது. தேசியப் போட்டியில் நுழைவது மாத்திரமன்று, அதில் வெல்வதே தம் நோக்கம் என்று வந்த அன்றே இவர் பேசினார். கேட்டோர் பலர் நகைத்திருப்பர்.

இவர் செய்த முதற் சேர்ப்பு, நம் அபிப்பிராயத்தில், ஆட்டக்காரருடையதன்று. ஜெரோம் டாங் என்னும் உதவியாளருடையதே. டாங் டிரினிடாடு தீவிற் பிறந்தவர். டெக்ஸாஸில் ஒரு சிறிய கிறிஸ்தவப் பள்ளியில் பயிற்சி கொடுத்துவந்தவர். கல்லூரிப் பயிற்சி அனுபவம் அவருக்கு இல்லை. ஆனால் அம்மாகாணத்துப் பள்ளிகளையும் அங்குள்ள பயிற்சியாசிரியர்களையும் அறிந்தவர். புதியவரான ட்ரூவுக்கு இல்லாதது எதுவோ அது அவரிடம் இருந்தது. அவர் 2022 வரை, பத்தொன்பது ஆண்டுகள், பேலரை விட்டு நீங்கவில்லை.

முதலாண்டுக் கோஷ்டியில் மேத்யூ சேமன் போன்று நீங்காது நின்ற சிலரும், உபகாரச் சம்பளமின்றிச் சேர்ந்த சாதாரண மாணவர்களும் இருந்தனர். சேமன் பிற்காலத்தில் எழுதிய நூலுக்கு ‘மிச்சப்பட்டவர்கள்’ எனப் பொருள்படும் பெயரையே இட்டார். அக்கோஷ்டி 8 பந்தயம் வென்று 21 தோற்றது. நின்றவர்களை நாம் குறைவாக மதிப்பிடலாகாது. புதிதாய் ஆள் தேடிச் செல்பவர், ‘எங்களிடம் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்ல முடிந்தது இவர்களாலேதான்.

இனி, தோற்கும் கல்லூரியார் ஒரு பையனுக்குக் கொடுக்கக்கூடியது யாது? பெருமை இல்லை, வெற்றியும் இல்லை. வந்த நாளிலேயே களத்தில் இடம் உண்டு என்பது ஒன்றே. வென்றுவரும் கல்லூரியில் இரண்டாண்டு ஓரத்துப் பலகையில் உட்கார வேண்டியவன் இங்கே முதல் நாளே ஆடலாம். 2004-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆரன் புரூஸ் இதற்குச் சான்று. முதலாண்டு மாணவராயிருந்தும் பந்தயத்துக்குச் சராசரி 18 புள்ளிகள் எடுத்தார். கோஷ்டியோ தன் சங்கத்துக்குள் ஆடிய 16 பந்தயங்களில் ஒன்றே வென்றது.

2005 ஜூனில் தேசியச் சங்கத்தார் தண்டனை விதித்தனர். 2005–06-இல் தன் சங்கத்துக்கு வெளியேயுள்ள எக்கல்லூரியோடும் பேலர் ஆடலாகாது. ஐந்தாண்டு கண்காணிப்பும் உண்டு. நவம்பரில் பிற கோஷ்டிகள் ஆட்டம் தொடங்க, பேலர் ஜனவரி வரை பயிற்சி மாத்திரமே செய்துகொண்டிருந்தது. கர்டிஸ் ஜெரல்ஸ், கெவின் ராஜர்ஸ் ஆகியோர் வந்து சேர்ந்தது அவ்வாண்டிலேதான். இருவரும் டெக்ஸாஸ் பிள்ளைகள், வேறிடம் தேடியிருக்கலாம். ‘உடனே ஆடலாம்’ என்பதே கொடுக்கக்கூடிய ஒரே பொருளாயிருந்த இடத்தில் அப்பொருளும் பறிபோன ஆண்டில் அவர்கள் வந்து நின்றனர். அவ்வாண்டு 17 பந்தயங்களில் 4 வெற்றி. அடுத்த ஆண்டில் லூயிசியானா மாகாணத்து ரிசர்வ் என்னும் சிற்றூர்ப் பள்ளியிலிருந்து, நாடறிந்த பள்ளி ஆட்டக்காரரான ட்வீட்டி கார்ட்டர் சேர்ந்தார். பெரிய கல்லூரிகளுக்குச் செல்லத்தக்க ஒருவர் தாமே பேலரை விரும்பியது பிறரையும் திரும்பிப் பார்க்கச் செய்தது. ஒரு பையன் வந்தால் அவனையொத்த பையன்கள் ‘அவனே போனானா?’ என்று கேட்பர். ஆசிரியர் நூறு கடிதம் எழுதியும் எழுப்பமுடியாத கேள்வி அது.

2008 ஜனவரி 23-ஆம் நாள் டெக்ஸாஸ் ஏ அண்டு எம் கல்லூரியின் களத்திலே, ஆட்டநேரம் முடிந்தும் சமமாக நின்றதால் ஐந்து முறை நேரம் நீட்டிக்கப்பட்ட பந்தயத்தில், பேலர் 116-110 என்று வென்றது. ஜெரல்ஸ் 36 புள்ளிகள் எடுத்தார். அவ்வாண்டில் இருபது ஆண்டுக்குப்பின் தேசியப் போட்டிக்கு அழைப்பும் கிடைத்தது. முதற் பந்தயத்தில் பர்டியூவிடம் தோற்றனர்; அதனால் என்ன!

இரண்டாண்டு கழித்து, மிச்சிகன் சர்வகலாசாலையை விட்டு வந்து ஓராண்டு ஆடாமற் காத்திருந்த எக்பே யூடோ என்னும் நெடியவரின் துணையால், 1950-க்குப்பின் முதன்முறையாகத் தேசியப் போட்டியில் பேலர் வென்றது. இறுதி எண்மருள் ஒன்றாய் நின்று டியூக் கோஷ்டியிடம் தோற்றது. காத்திருக்கச் சம்மதிப்பவனைச் சேர்த்தால் ஓராண்டு அவன் உடலும் ஆட்டமும் தேறும். அவன் கோஷ்டியின் பழக்கத்தையும் அறிந்துகொள்வான். இந்தப் பாடத்தை ட்ரூ மறக்கவில்லை.

ஆயினும் இவ்வரலாற்றை மாசற்றதாய் எழுதுதல் நேர்மையாகாது. 2012-இல் பேலரின் ஆண்கள், பெண்கள் ஆகிய இரு கோஷ்டிகளின் ஆசிரியர்களும் பள்ளி மாணவர் வகையில் விதிமீறி ஆயிரத்துக்கு மேற்பட்ட தொலைபேசி அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் அனுப்பினர் என்று முடிவாயிற்று. மூன்றாண்டுக் கண்காணிப்பு வந்தது. ட்ரூ இரண்டு பந்தயங்களுக்கு விலக்கப்பட்டார். முன்னிருந்தவர் செய்ததோடு இதனை ஒப்பிட இயலாது. ஆனால் விதிமீறலால் விழுந்த இடத்தை எழுப்ப வந்தவரே ஆள் சேர்க்கும் ஆவலில் விதியைக் கடந்தது நம்மைச் சிந்திக்கச் செய்கின்றது. பையனின் உள்ளத்தைக் கவர்வதற்கும் அவனைத் தொந்தரவு செய்வதற்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது; ஆவல் மிகுந்தவர் கண்ணுக்கு அது மறைந்துபோகும்.

2021 ஏப்ரல் 5-ஆம் நாள் இந்தியானாபோலிஸ் நகரில், அதுவரை ஒரு பந்தயமும் தோற்காத கொன்சாகாக் கோஷ்டியை 86-70 என்று வென்று பேலர் தேசிய விருதைப் பெற்றது. அன்று ஆடியவர் எங்கிருந்து வந்தவர் என்பதே நமக்கு வேண்டிய விஷயம். 22 புள்ளிகள் எடுத்த ஜேரட் பட்லர் முதலில் அலபாமாவிற் சேர்ந்து, அங்கே ஒரு பந்தயமும் ஆடாமல் விலகி வந்தவர். இவரும் ட்வீட்டி கார்ட்டர் வளர்ந்த அதே ரிசர்வ் ஊரிற் பயின்றவர். டேவியன் மிச்சல் ஆபர்னில் அதிகம் பேர் பெறாதவர். மேசியோ டீக், ஆடம் பிளாக்லர் இருவரும் சிறு கல்லூரிகளிலிருந்து வந்தவர். மிச்சல், டீக், பிளாக்லர் மூவரும் ஓராண்டு பயிற்சி மாத்திரமே செய்து காத்திருந்தனர். இவ்வாறு, கோஷ்டியின் சிறந்த நால்வரும் முதலில் வேறு கல்லூரியிற் கால்வைத்தவர்களே.

இவர்களினும் நம் மனத்தில் நிற்பவர் அன்று களத்தில் இல்லாத ஒருவர். பிரெடி கில்லெஸ்பி என்பார் மினசோட்டா மாகாணத்துக் கார்ல்டன் கல்லூரியில் ஆடினார். விளையாட்டுக்கு உபகாரச் சம்பளமே கொடுக்காத மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது அக்கல்லூரி. 2017-இல் உபகாரச் சம்பளம் ஒன்றுமின்றிப் பேலருக்கு வந்து, ஓராண்டு காத்திருந்து, பின்னர் உபகாரச் சம்பளமும் முதலைவருள் ஓரிடமும் பெற்றார். 2019–20-இல் அவர் இருந்த கோஷ்டி தொடர்ந்து 23 பந்தயங்கள் வென்றது. தேசிய விருது அவ்வாண்டே வரும் என்று பலர் எண்ணினர். 2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாகத் தேசியப் போட்டியே நிறுத்தப்பட்டது. அதுவே கில்லெஸ்பியின் கடைசிக் கல்லூரி ஆண்டு.

இப்பொழுது விதிகள் பெரிதும் மாறிவிட்டன. 2021-இல் முதன்முறை கல்லூரி மாறுவோர்க்குக் காத்திருக்கும் ஆண்டு நீக்கப்பட்டது. 2024 முதல், படிப்பிற் குறையில்லாதவர் எத்தனை முறை மாறினும் உடனே ஆடலாம். 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர் தம் பெயராலும் உருவாலும் பணம் சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரியே நேராகப் பணம் கொடுக்கலாம். ஆதலின் ஒவ்வோர் இளவேனிலிலும் பயிற்சியாசிரியர் புதியவரைத் தேடுவதோடு, தம்மிடம் இருப்பவரையும் மறுபடி கேட்டுச் சேர்க்க வேண்டியவராகிறார். ஓராண்டு ஆடாமல் இருக்கச் சம்மதித்து வருபவனை இனித் தேடவேண்டியதில்லை. அப்படி இருக்குமாறு அவனைக் கேட்கும் விதியும் இல்லை.