இருமல் நின்றாலும் மாத்திரையை நிறுத்தாதீங்க!

ஐயம்பேட்டையில் பாதி நெய்த பட்டுப்புடவையை யாரும் தறியிலிருந்து அறுக்க மாட்டீங்கதானே? டி.பி. மாத்திரையும் அப்படித்தான். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும், ‘இனி எதுக்கு மாத்திரை?’ன்னு தோணும். ஆபத்து அங்கேதான்.

உடம்பில் பெருகும் காசநோய்க் கிருமிகளில் சில, தற்செயலான மரபணு மாற்றத்தால் ஒரு மருந்துக்குச் சாகாது. அதனால்தான் பல மருந்துகளைச் சேர்த்துத் தர்றாங்க; ஒன்றுக்குத் தப்பியது இன்னொன்றுக்குச் சாகும். பாதியில் விட்டால் தப்பியவை பெருகிவிடும். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தபோதே இது தெரிந்தது. இன்று ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் இரண்டுக்கும் கட்டுப்படாத கிருமி உலகெங்கும் பரவியிருக்கிறது. இருமும்போது காற்றில் கலந்து, டி.பி. மாத்திரையே சாப்பிடாத வீட்டுக் குழந்தைக்கும் அது தொற்றலாம்.

வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது, 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம்தான். தேவை, தவறாமல் சாப்பிடுவது மட்டுமே.

நீங்கள் செய்ய வேண்டியவை:

● இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. பரிசோதனை, மாத்திரை இரண்டும் இலவசம்.
● மாத்திரை ஒத்துக்கலையா? நீங்களே நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்க.
● சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். வங்கி விவரத்தைப் பதிவு செய்யுங்க.
● சந்தேகமா? கட்டணமில்லா எண் 1800-11-6666.