இரப்பர் மரத்தின் குளிர்காலம்



குளிர்நாடுகளில் ஆண்டுத் தொடக்கத்தில் பனி பெய்யும். மக்கள் கம்பளியாடை அணிந்து, குடும்பத்தோடு பனிமலைகளைக் காணச் செல்வர். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் நாட்டில் பனிக்காலம் இல்லை. ஆயினும், நம் பேராக் மாநிலத்து இரப்பர் மரத்திற்குக் குளிர்காலம் போன்றதொரு பருவம் உண்டு. அதனைக் காணப் பாட்டியையும் சின்னத் தம்பி தங்கையரையும் அழைத்துக்கொண்டு ஒருநாள் புறப்படலாம்.

மரம் இலையுதிர்ப்பது ஏன்?

இரப்பர் மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. மழை குறையும் சனவரி முதல் மார்ச்சு வரையிலான மாதங்களில் அது தன் இலைகளை உதிர்க்கும். பச்சை இலைகள் மஞ்சளாகவும் செம்பழுப்பாகவும் மாறி உதிர்ந்து, தரையை மூடும். இலைகளின் வழியே நீர் ஆவியாகி வீணாகாதிருக்க மரம் கைக்கொள்ளும் வழி இது. சில வாரங்களில் செந்நிறத் தளிர்கள் தோன்றும். தளிர்களை வளர்க்க உணவு செலவாவதால், அக்காலத்தில் பால் குறைந்துவிடும்.

காண்போர்க்கு இஃது அழகிய காட்சி. தோட்டத் தொழிலாளர்க்கோ இது வருமானம் குறையும் காலம். மழைக்காலமும் அவர்களுக்குத் துன்பமே. பட்டை நனைந்தால் பால் கோட்டைவிட்டு வழிந்தோடும். மழைநீர் கலந்தால் கெட்டுவிடும். ஆகவே, மழை பெய்த நாளில் பால் மரம் சீவ இயலாது.

செல்லும் வழி

ஈப்போவிலிருந்து கோலகங்சார் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நெடுஞ்சாலையில் விரைந்து செல்வதினும், சிம்மோர், சுங்கை சிப்புட் வழியாகச் செல்லும் பழைய சாலையே நம் நோக்கத்திற்கு ஏற்றது. காலையில் வெயில் ஏறுமுன் புறப்படுக. அனைவரும் இருக்கை வாரை அணிதல் வேண்டும். சிறு குழந்தையை அதற்கெனச் செய்யப்பட்ட தனி இருக்கையில் அமர்த்துக. 2020ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இது சட்டமாகும். பாட்டி கால் நீட்டி இளைப்பாற, இடையிடையே வண்டியை நிறுத்துதல் நன்று.

பாட்டியே வழிகாட்டி

சாலையின் இருமருங்கிலும் முன்னாளில் இரப்பர்த் தோட்டங்கள் பல இருந்தன. அவற்றுட் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. செம்பனை இரப்பரைப்போல் ஒருசேர இலையுதிர்ப்பதில்லை. எனவே, இரப்பர் மறைந்த இடத்தில் இப்பருவக் காட்சியும் மறைந்தது. தோட்டத்தில் வாழ்ந்த பாட்டியர் நினைவில் மட்டும் அஃது எஞ்சியுள்ளது.

விடியுமுன் பெயர் கூப்பிடும் 'பெரட்டு', பட்டை சீவும் உளி, பால் வடியும் 'மங்கு', கோட்டில் உறைந்த 'ஒட்டுப்பால்', வரிசையாய் அமைந்த லயத்து வீடுகள், தாய்மார் வேலைக்குச் சென்றபின் குழந்தைகளைக் காத்த ஆயாக் கொட்டகை ஆகியவை பற்றிப் பாட்டியிடம் கேளுங்கள். விடியற்காலையில் சீவுவது ஏன் என்றும் கேளுங்கள். குளிர்ந்த வேளையில் மரத்தில் நீர் நிறைந்திருப்பதால் பால் மிகுதியாக வடியும் என்பதனை அவர் பட்டறிவால் அறிந்திருப்பார்.

சுங்கை சிப்புட்டை அடைந்ததும் துன் வீ. தி. சம்பந்தனை (1919–1979) நினைவுகூர்க. அவர் பிறந்த ஊர் இது. 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, தொழிலாளர் பலர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அவர்கள் தம் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களைத் தாமே வாங்குவதற்காக, அவர் முயற்சியால் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

முதுமரம்

1876இல் என்றி விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளுட் சில 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அம்மரத்தடியில் பாட்டியையும் குழந்தையையும் நிற்கச் செய்து பாருங்கள். அம்மரத்திற்கு வேலி உண்டு, பெயர்ப்பலகை உண்டு. பல்லாயிரம் மரங்களைச் சீவிய கைகளுக்கோ பலகை இல்லை. அக்கைகளின் வரலாற்றை எழுதி வைப்பது பேரப்பிள்ளைகளாகிய உங்கள் கடமையாகும்.

பயிற்சி

1. இலையுதிர்காலத்தில் இரப்பர்ப் பால் குறைவது ஏன்?
2. மழை நாளில் பால் மரம் சீவ இயலாதது ஏன்?
3. உங்கள் பாட்டி அல்லது தாத்தா வாழ்ந்த தோட்டத்தின் பெயர், அவர் செய்த தொழில், அங்கு வழங்கிய பத்துச் சொற்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதுக.