கூத்து கேசட்டை சிடியாக்குவோம்: தனி சிடி ரெக்கார்டரைக் கையாளும் முறை

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை உள்ள கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் இரவு முழுக்கப் பாரதக் கூத்து நடக்கும். 1980, 90களில் டூ-இன்-ஒன் வைத்திருந்தவர்கள் அதைக் கூத்துக்கு முன்னால் வைத்து, கேசட் மாற்றி மாற்றிப் பதிவு செய்தார்கள். அன்று பாடிய வாத்தியார்கள் பலர் இன்று இல்லை. அந்தக் கேசட்டுகளுக்கு வேறு பிரதியும் கிடையாது. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு பெட்டி இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

கம்ப்யூட்டர் இல்லாமல் ஸ்டீரியோ செட்டுடன் நேராக இணைத்து சிடியில் பதிவு செய்யும் கருவிதான் தனி சிடி ரெக்கார்டர். 1997-ல் பிலிப்ஸ் கொண்டுவந்த சிடிஆர் 870-க்குப் பிறகு இது வீடுகளுக்கு வரத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்த கருவிகள் இன்னும் சில வீடுகளில் தூங்குகின்றன. கருவி இல்லாதவர்கள் இதற்காகத் தேடி அலைய வேண்டாம். யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும் ஆடசிட்டி என்ற இலவச மென்பொருளும் போதும். கருவி இருப்பவர்கள் மேலே படிக்கவும்.

முதலில் கேசட்டைப் பாருங்கள். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் டேப் சுருளின் மேல் வெள்ளைப் பூசணம் பிடித்திருக்கலாம். அப்படி இருந்தாலோ, 2004 சுனாமியில் கடல் நீர் பட்டுக் காய்ந்த கேசட்டாக இருந்தாலோ, எக்காரணம் கொண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். டேப்பும் கெடும், ஹெட்டும் கெடும். அனுபவமுள்ளவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும். நல்ல கேசட் என்றால் டெக்கின் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலர்ந்த பின் ஓட்டவும். ஒலி மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்டால், ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறிய திருகைத் துளித்துளியாகத் திருப்பிப் பாருங்கள். எந்த இடத்தில் தாளத்தின் ஓசை மிகத் தெளிவாக வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். திருப்பும் முன் பழைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்வது நல்லது.

அடுத்து இணைப்பு. கேசட் டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ரெக்கார்டரின் லைன் இன்னுக்கு, சிவப்பு வெள்ளை ஆர்சிஏ கேபிள். ஆம்ப்ளிஃபயர் வழியாக என்றால் டேப் அவுட்டிலிருந்து எடுக்கவும். அப்போது வால்யூமைக் குறைத்தாலும் கூட்டினாலும் பதிவு மாறாது. டூ-இன்-ஒன்னில் இயர்போன் துளை மட்டும் இருந்தால், வால்யூமைப் பாதிக்கு வைத்து அதிலிருந்து எடுக்கலாம். உப்புக் காற்றில் ஆர்சிஏ பின்கள் கறுத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் ஒலி வந்தால் கருவியைச் சந்தேகிக்கும் முன் பின்னைத் துடைத்துப் பாருங்கள்.

சிடி வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டு உபயோக ரெக்கார்டர்கள் கம்ப்யூட்டருக்கான சாதாரண சிடி-ஆரை ஏற்காது. வட்டின் பள்ளத்திலேயே பதிந்திருக்கும் குறியீட்டைப் படித்து, 'டிஜிட்டல் ஆடியோ' என்ற வகை வட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். டாஸ்காம் சிடி-ஆர்டபிள்யூ 900 போன்ற ஸ்டுடியோ கருவிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. டிஜிட்டல் இணைப்பில் நகலின் நகலை எடுக்கவிடாத எஸ்சிஎம்எஸ் என்ற தடையும் வீட்டுக் கருவிகளில் உண்டு. நாம் கேசட்டிலிருந்து லைன் இன் வழியாக எடுப்பதால் முதல் பதிவுக்கு அது குறுக்கே வராது.

இப்போது லெவல். கேசட்டில் முள் சிவப்புக்குப் போனாலும் காது பொறுத்துக்கொள்ளும். சிடியில் 0 டெசிபலைத் தாண்டினால் ஒலியின் தலை வெட்டப்பட்டு 'கரகர'வென்று கேட்கும். அதைப் பிறகு சரிசெய்ய முடியாது. கூத்தில் ஒரு நிமிடம் வசனம் மெல்ல வரும், அடுத்த நிமிடம் முகவீணையும் மிருதங்கமும் சேர்ந்து எகிறும். ஆகவே கேசட்டின் மிகச் சத்தமான இடத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைக்கவும். கொஞ்சம் குறைவாக இருந்தால் பரவாயில்லை.

டிராக் பிரிப்பதை ஆட்டோவில் விடாதீர்கள். இரண்டு மூன்று வினாடி அமைதி வந்தால் கருவி புதிய டிராக் போடும். பழைய கேசட்டின் இரைச்சலில் அமைதியே இருக்காது, அதனால் பிரிக்க வேண்டிய இடத்தில் பிரிக்காது. தேவையில்லாத இடத்தில் பாட்டை நறுக்கவும் கூடும். மேனுவலில் வைத்து, புதிய வேஷம் வரும் இடத்தில் நீங்களே பொத்தானை அழுத்துங்கள். ஒரு வட்டில் 99 டிராக் வரை இடமுண்டு. வட்டின் நீளம் 74 அல்லது 80 நிமிடம். சி-60 கேசட் முழுவதும் ஒரே வட்டில் அடங்கும். சி-90 அடங்காது, பக்கத்துக்கு ஒரு வட்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரக் கூத்து ஆறு சி-90 கேசட், அதாவது பதினோரு வட்டு. பதிவு நிஜ நேரத்தில்தான் நடக்கும் என்பதால் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். சலிக்காமல் உட்கார்ந்து கேட்பதற்கும் இதுவே வாய்ப்பு!

பதிவின் நடுவில் கரண்ட் போனால் ஓடிக்கொண்டிருந்த டிராக் போய்விடலாம். வட்டையும் வீணாக்கக்கூடும். டெக், ரெக்கார்டர் இரண்டையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் ஸ்பீக்கரில் உறுமல் கேட்கிறதா என்று முதலில் சோதித்துவிடுங்கள். அந்த உறுமலும் சேர்ந்தே பதிவாகும்.

எல்லாம் முடிந்ததும் மறக்கக்கூடாதது ஃபைனலைஸ். இதைச் செய்யும்போதுதான் வட்டின் பொருளடக்கம் எழுதப்படுகிறது. சில நிமிடம் ஆகும். செய்யாவிட்டால் அந்த ரெக்கார்டரில் மட்டும் வட்டு பாடும், மற்ற பிளேயர்கள் 'நோ டிஸ்க்' என்று சொல்லிவிடும். ரெக்கார்டர் பழுதாகிவிட்டால் அதன் பிறகு வட்டைப் படிப்பதே பெரும் பாடு.

சிடி-ஆரின் பிரதிபலிப்பு அடுக்கு, பெயர் எழுதும் பக்கத்தில் மெல்லிய அரக்குக்கு அடியிலேயே இருக்கிறது. பால் பாயின்ட் பேனாவால் எழுதினால் அது கீறிவிடும். மென்மையான மார்க்கரால் நடு வளையத்தில் மட்டும் ஊர், வருடம், வாத்தியார் பெயர் எழுதுங்கள். ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். சிடி-ஆர் நிரந்தரமானதும் அல்ல. ஈரமும் வெயிலும் பட்டால் சில ஆண்டுகளிலேயே படிக்க மறுக்கும். ஆகவே அன்றைக்கே வட்டை கம்ப்யூட்டரில் போட்டு, எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளால் ஃபிளாக் ஃபைலாக எடுத்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். ஒன்று கடற்கரையில் உள்ள உங்கள் வீட்டில் இருந்தால், மற்றொன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். கேசட்டையும் தூக்கி எறியாதீர்கள்.