எலும்பு சொன்ன சாட்சி

மோட்டார் சைக்கிள் எண் பலகைக்கு எழுத்து வெட்டி ஒட்டும் கடைகளில் ‘ரேடியம் ஸ்டிக்கர்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்டிக்கரில் ரேடியம் துளியும் கிடையாது. எதிரே வரும் வண்டியின் விளக்கொளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் தாள் அது. விளக்கு இல்லையேல் ஒளிர்வும் இல்லை. ஆனால் ஒரு காலத்தில், இருட்டில் தானாகவே ஒளிர்ந்த கடிகாரங்களில் மெய்யாகவே ரேடியம் இருந்தது. அந்தக் கடிகார முகப்புகளில் எண் தீட்டிய அமெரிக்கப் பெண்களைப் பற்றி இம்மாதம் படிக்கப் போகிறோம். இனிமையான வரலாறு அன்று, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கொள்ளை நோய், விஷம், விபத்து, தூக்குமேடை ஆகியவற்றைப் பற்றிய உண்மை நூல்களை ஆவலோடு படிக்கும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. “போயும் போயும் இதைத்தானா படிப்பது?” என்று வீட்டில் கேட்பார்கள். தாராளமாகப் படியுங்கள் என்பதுதான் என் கட்சி. ஆனால் ஒரு பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். பயங்கரமான செய்தி வரும் இடத்திலெல்லாம், ‘இது எப்படித் தெரிந்தது?’ என்று ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள். கேட் மூர் என்னும் பிரிட்டிஷ் எழுத்தாளர் 2016-இல் வெளியிட்ட ‘தி ரேடியம் கேர்ள்ஸ்’ இவ்வாறு படிக்க ஏற்ற நூல். அதிலுள்ள வரலாற்றையே எடுத்துக்கொள்வோம்.

உதட்டில் கூராக்கிய தூரிகை

மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடித்த ஆண்டு 1898. சிறிதளவு ரேடிய உப்பைத் துத்தநாக சல்ஃபைடுடன் கலந்தால், ரேடியத்திலிருந்து பாயும் ஆல்ஃபா துகள் ஒவ்வொன்றும் சல்ஃபைடு படிகத்தில் மோதி ஒரு மின்னலை எழுப்பும். இம்மின்னல்கள் கணக்கற்றவை; ஆதலால் கண்ணுக்கு விடாத பச்சை ஒளியாகத் தோன்றும். முதல் உலகப்போரில் இருட்டில் மணி பார்க்கப் படைவீரர்களுக்கு இத்தகைய கடிகாரங்கள் தேவைப்பட்டன. நியூ ஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்சு நகரில் 1917-இல் இவ்வேலை பெருமளவில் தொடங்கியது. பின்னாளில் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷன் என்று பெயர் பெற்ற கம்பெனியின் தொழிற்சாலை அது.

வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பதின்பருவப் பெண்கள். ஏறத்தாழ உங்கள் வயது என்றே வைத்துக் கொள்ளுங்கள். எண்கள் மிகச் சிறியவை. தூரிகையின் மயிரோ சீக்கிரம் பிரிந்துவிடும். ஆகவே தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி, சாயத்தில் தோய்த்து, எண்ணைத் தீட்ட வேண்டும் என்று கற்றுக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஓர் இம்மி அளவு சாயம் வயிற்றுக்குள் போயிற்று. மாலையில் வீடு திரும்பும்போது அவர்களுடைய தலைமுடியும் உடையும் இருட்டில் ஒளிர்ந்தன. நகத்திலும் பல்லிலும் விளையாட்டாகப் பூசிக்கொண்டவர்களும் உண்டு. ரேடியம் உடலுக்கு நல்லது என்பது அன்று பலரும் நம்பிய செய்தி. ரேடியம் கலந்த தண்ணீரையே மருந்தென்று புட்டியில் அடைத்து விற்றார்கள்.

இங்கே நம் பென்சில் கேள்வியைக் கேட்போம். அதன் தீங்கு உண்மையிலேயே யாருக்கும் தெரியாதா? தெரியும். ரேடியக் குழாயைச் சட்டைப் பையில் வைத்திருந்த ஹென்றி பெக்கரெலுக்கு 1901-இலேயே தோல் புண்ணாயிற்று. பியர் கியூரியும் அதே ஆண்டில் தம் கையிலேயே சோதித்துப் பார்த்தார். இதே தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் ரேடியத்தைக் கையாண்டவர்களுக்கு ஈயத் தடுப்புகளும் இடுக்கிகளும் இருந்தன. தீட்டும் அறையில் எதுவும் இல்லை.

ஏன் தாடை எலும்பு?

மாலி மேகியா என்ற பெண்ணுக்கு முதலில் பல்வலி வந்தது. ஒரு பல்லைப் பிடுங்கினார்கள், புண் ஆறவில்லை. அடுத்த பல், அதற்கடுத்த பல். கடைசியில் பல் மருத்துவர் விரலால் தொட்டபோது தாடை எலும்பே கையோடு வந்துவிட்டது. 1922 செப்டம்பரில் அவர் இறந்தார். இறப்புச் சான்றிதழில் சிஃபிலிஸ் எனும் மேகநோய் என்று எழுதினார்கள். செத்தவருக்கு அவப்பெயர், குடும்பத்துக்குத் தலைகுனிவு.

இந்தப் பக்கத்தில் வாசகர் பலர் புத்தகத்தை மூடிவிடுவார்கள். நீங்கள் தனிம அட்டவணையைத் திறவுங்கள். இரண்டாம் தொகுதியில் மேலிருந்து கீழே வாருங்கள்: பெரிலியம், மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம், ரேடியம். ஒரே தொகுதியைச் சேர்ந்தவற்றின் வேதிக் குணம் ஒத்திருக்கும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? உடலும் ரேடியத்தைக் கால்சியம் என்றே எடுத்துக்கொள்கிறது. விழுங்கியதில் பெரும்பகுதி வெளியேறிவிடும். இரத்தத்தில் சேரும் மீதி எலும்புக்குப் போய் அங்கேயே குடியேறிவிடும்.

அடுத்த புதிர் இது. ஆல்ஃபா துகள் மிக எளிதில் நின்றுவிடும். ரேடியத்தின் ஆல்ஃபா துகள் காற்றில் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாகச் செல்லும்; ஒரு தாளைக் குறுக்கே பிடித்தால் போதும். அப்படியானால் அது எப்படி ஆளைக் கொல்லும்? விடை அந்தக் குறுகிய தூரத்திலேயே இருக்கிறது. உடல் திசுவில் அது ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டரே செல்கிறது. தன் ஆற்றல் முழுவதையும் அந்தச் சில செல்களிலேயே கொட்டிவிடுகிறது. தோலுக்கு வெளியே இருந்தால் இறந்த மேல்தோல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். எலும்புக்குள் இருந்தால், உயிருள்ள எலும்புச் செல்லும் இரத்தம் ஊறும் மஜ்ஜையும் பக்கத்திலேயே இருக்கின்றன.

கணக்குப் போடுவோம். 1 கிராம் ரேடியத்தில் நொடிக்கு 3,700 கோடி அணுக்கள் சிதைகின்றன. 1 மைக்ரோகிராம் என்பது அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே நொடிக்கு 37,000. ஒரு நாளைக்கு 86,400 நொடிகள். பெருக்கினால் ஏறத்தாழ 320 கோடி. தராசில் நிறுக்க முடியாத ஒரு தூசு, ஒரு பெண்ணின் எலும்பில் நாள்தோறும் 320 கோடி முறை வெடிக்கிறது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். ஆதலால் அவள் வாழ்நாளில் இது குறைந்ததாகவே சொல்ல முடியாது.

மூச்சும் ஃபிலிமும்

மருத்துவர்கள் இதை எப்படி நிறுவினார்கள் என்பதுதான் நூலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ரேடியம் சிதைந்தால் ரேடான் என்னும் வாயு பிறக்கிறது. எலும்பில் பிறக்கும் ரேடான் இரத்தத்தில் கரைந்து நுரையீரலுக்கு வந்து மூச்சோடு வெளியேறும். ஆகவே நோயாளி ஊதும் காற்றை ஒரு மின்கருவிக்குள் செலுத்தினால் போதும். கதிரியக்கம் காற்றை அயனியாக்கும். கருவியின் மின்னூட்டம் வேகமாக வடியும். எசெக்ஸ் மாவட்ட மருத்துவ அதிகாரி ஹாரிசன் மார்ட்லண்ட் 1925-இல் இத்தகைய சோதனைகளைச் செய்து வெளியிட்டார். அவருக்குத் துணை நின்றவர், அந்தச் சாயத்தை உருவாக்கியவரும் கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவருமான சபின் வான் சொஹோக்கி. அவருடைய மூச்சிலும் கதிரியக்கம் இருந்தது. 1928-இல் அவரும் இறந்தார்.

1927 அக்டோபரில் மாலி மேகியாவின் கல்லறையைத் தோண்டினார்கள். எலும்புத் துண்டுகளை இருட்டில் எக்ஸ்-ரே ஃபிலிமோடு சேர்த்து வைத்தார்கள். வெளிச்சமே படாத ஃபிலிமில் எலும்பின் தடம் பதிந்தது. 1896-இல் யுரேனிய உப்பை ஒளிப்படத் தகட்டின் மேல் வைத்துப் பெக்கரெல் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த அதே சோதனைதான். மேகநோய்க்குரிய அடையாளம் எதுவும் அந்த எலும்புகளில் இல்லை.

‘எப்படித் தெரிந்தது?’ என்பதோடு ‘யார் சொன்னது, யார் மறைத்தது?’ என்றும் இவ்வகை நூல்களில் குறித்துக்கொள்ள வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் செசில் டிரிங்கரை 1924-இல் கம்பெனியே ஆய்வுக்கு அழைத்தது. ரேடியமே காரணமாக இருக்கக்கூடும் என்று அவர் அறிக்கை கொடுத்தார். கம்பெனியோ அதைப் பூட்டி வைத்துக்கொண்டு, பெண்கள் அனைவரும் நலமே என்று அரசுக்குத் தெரிவித்தது. உண்மையை அறிந்த டிரிங்கர் 1925-இல் அறிக்கையைத் தாமே வெளியிட்டார்.

கிரேஸ் ஃபிரையர் என்ற பெண்ணும் அவரோடு நால்வரும் 1927-இல் வழக்குத் தொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்று கம்பெனி சட்டத்தைக் காட்டியது. ரேடியமோ பல ஆண்டுகள் கழித்தே தன் வேலையைக் காட்டும்! 1928 ஜூனில் ஆளுக்கு 10,000 டாலரும் ஆண்டுக்கு 600 டாலரும் மருத்துவச் செலவும் என்று சமரசம் ஆயிற்று. கிரேஸ் 1933 வரை இருந்தார்.

இலினாய் மாநிலத்து ஒட்டாவா நகரின் கதை இதைவிடக் கசப்பானது. அங்கே ரேடியம் டயல் கம்பெனி 1925-இலேயே பெண்களைச் சோதித்து, முடிவை அவர்களிடம் சொல்லாமல் விட்டது. வழக்குத் தொடுத்த கேத்தரின் டோனஹியூ எழுந்திருக்க முடியாமல் 1938-இல் படுக்கையிலிருந்தே சாட்சி சொன்னார். அவ்வாண்டு ஜூலையில் இறந்தார். 1939 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கம்பெனியின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தபோது தீர்ப்பு நிலைத்தது.

உடலில் 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் ரேடியம் தங்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1941-இல் வகுத்தார்கள். அந்த எண் வந்தது இப்பெண்களின் உடலிலிருந்துதான். அணுகுண்டுத் திட்டத்தில் புளூட்டோனியத்தைக் கையாண்ட கிளென் சீபோர்க் 1944-இல் இவர்களை நினைவுகூர்ந்து பாதுகாப்பு விதிகளை வலியுறுத்தினார். உயிரோடு எஞ்சியவர்களை ஆர்கோன் ஆய்வுக்கூடத்தார் பல ஆண்டுகள் அளந்து வந்தார்கள். ஆய்வு 1993-இல் முடிந்தது.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் பழைய கைக்கடிகாரம் இருக்கலாம். எண்கள் பழுப்பேறி, இருட்டில் ஒளிராமல் கிடக்கும். ரேடியம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நூறு ஆண்டில் அது நான்கு சதவீதமே குறையும். ஆல்ஃபா துகள்களின் அடி தாங்காமல் கெட்டுப்போனது சல்ஃபைடு படிகம். கண்ணாடியைக் கழற்றாதீர்கள், சாயத்தைச் சுரண்டாதீர்கள். உங்கள் கல்லூரியிலோ பள்ளியிலோ கெய்கர் எண்ணி இருந்தால், பெட்டியோடு எடுத்துப்போய் ஆசிரியரிடம் காட்டுங்கள்.