படத்தில் பார்த்ததா? வேதத்தில் வாசித்ததா?

வாசிக்க: அப்போஸ்தலர் 17:10-12



ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் வாலிபத் தம்பி ஒருவர் மோசேயைப் பற்றி வைராக்கியமாகப் பேசினார். “ராஜகுமாரி நெஃப்ரெத்திரியின் காதலையும் உதறிவிட்டு வந்தார் மோசே!” என்றார். அன்றைக்குத்தான் முதல்முறை வந்திருந்த ஒருவர், “தம்பி, அது எந்த அதிகாரம்?” என்று கேட்டார். தம்பி யாத்திராகமத்தைப் புரட்டினார், புரட்டினார், கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அது 1956-ல் வந்த ‘பத்துக் கட்டளைகள்’ படத்தில் அல்லவா இருக்கிறது!

படம் எடுத்த சிசில் டிமில் இதை மறைக்கவில்லை. மோசேயின் வாலிப வருஷங்களைப் பற்றி வேதத்தில் விவரம் இல்லாததால் பிலோ, யோசேப்பஸ் போன்ற பழைய ஆசிரியர்களிடம் போனோம் என்று படத்தின் தொடக்கத்திலேயே சொல்லுகிறார். நாம்தான் அதைக் கவனிக்கிறதில்லை.

இன்னும் சிலவற்றை ஆராய்வோம்.

1. பார்வோனின் பெயர்: படத்தில் ராமசேஸ். யாத்திராகமமோ அந்தப் பார்வோனின் பெயரைச் சொல்லவே இல்லை. ராமசேஸ் என்பது அங்கே ஒரு பட்டணத்தின் பெயர் (யாத். 1:11).

2. பிரமிடுகள்: இஸ்ரவேலர் பிரமிடு கட்டினார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2014-ல் மோசேயைப் பற்றி வந்த ஒரு ஆங்கிலப் படத்தை எகிப்து தடைசெய்ததற்கு இப்படிக் காட்டினதும் ஒரு காரணம். பெரிய பிரமிடு கட்டப்பட்டது கி.மு. 26-ஆம் நூற்றாண்டில்; மோசேக்கு ஆயிரம் வருஷத்துக்கும் முன்னே! வேதம் சொல்லுவது செங்கல் வேலையும், பித்தோம், ராமசேஸ் என்னும் பண்டகசாலைப் பட்டணங்களும்தான்.

3. பென்-ஹர் (1959): 11 ஆஸ்கார் விருது வாங்கின படம். ஆனால் பென்-ஹர் என்று ஒருவர் சுவிசேஷத்தில் இல்லை. லூ வாலஸ் 1880-ல் எழுதிய நாவலின் கதாநாயகன் அவர். அக்காலத்து ரோமப் போர்க்கப்பல்களில் துடுப்பு வலித்தவர்களும் பொதுவாகச் சங்கிலியிட்ட அடிமைகள் அல்ல, கூலி வாங்கின சுயாதீனர். அதே படத்தில் மூன்று சாஸ்திரிகள் முன்னணையருகே வருகிறார்கள். மத்தேயு எண்ணிக்கை சொல்லவில்லை, அவர்கள் வந்தது ஒரு வீட்டுக்கு (மத். 2:11).

“இதுல என்ன பிரதர் இருக்கு? சின்ன விஷயம்தானே?” என்பீர்கள். அந்தப் புதியவரை நினைத்துப் பாருங்கள். ஒன்று இல்லை என்று கண்டவர், ‘அப்போ மத்ததும் இப்படித்தானோ?’ என்று எண்ணிப் போய்விட்டால்? நம் கவனக்குறைவு ஒரு ஆத்துமாவுக்கு இடறலாகிவிடுமே!

உண்மையில் மோசே வெறுத்தது பார்வோன் குமாரத்தியின் மகன் என்கிற அந்தஸ்தையே (எபி. 11:24-26). சினிமாக் காதலைவிட அது எவ்வளவு பெரியது!

பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டிமில் சொன்னதை நாம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? பிள்ளைகளோடு படம் பார்த்தால், அன்றிரவே அந்த அதிகாரத்தைக் குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள். “படத்தில் இருந்தது, இதில் இல்லாதது எது?” என்று கேளுங்கள். பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள்.

கர்த்தர் நம்மை வசனத்தில் நிலைநிறுத்துவாராக. ஆமென்.