கதவுக்குள் மழை

புதுக்கடை நீதிமன்றங்களுக்கு வழக்குக்கு வருகிறவர்கள், வாகனத்தை நிறுத்த இடம் தேடி இரண்டு மூன்று சுற்றாவது சுற்றுவார்கள். டாம் வீதிப் பக்கம் கிடைக்காவிட்டால் செபஸ்தியன் ஹில் சரிவில் ஓர் இடுக்கு அகப்படும். ஓர் ஐப்பசி மழைநாளில் அங்கேதான் காரை விட்டுவிட்டு, காணி வழக்கொன்றுக்காக அம்மாவுடன் போயிருந்தேன். மூன்று மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்து, அம்மா ஏறுவதற்காக முன் இடது கதவைத் திறந்தபோது, அதற்குள்ளிருந்து வாளித் தண்ணீர் ஆடுவது போல ஒரு சத்தம் கேட்டது. கதவை இன்னும் கொஞ்சம் விரித்ததும் அடி ஓரத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் அம்மாவின் சேலைக்கரையில் வழிந்தது.

"தம்பி, கதவுக்குள்ள மழை பெய்திருக்கு" என்றார் அம்மா.

அடுத்த நாள் கராஜில் பாஸ் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணாடி ரப்பர் இளகிட்டுது சேர். அடியில வேற ஓட்டை இருக்கு, அதாலயும் தண்ணி ஏறும். ரெண்டையும் சிலிக்கன் போட்டு அடைச்சுத் தாறன்." எனக்கும் அது சரியாகவே பட்டது. கூரை ஒழுகினால் ஓட்டையைத்தானே அடைக்கிறோம்? இரண்டு மாதத்தில் அந்தக் கதவின் பவர் ஷட்டர் மோட்டார் நின்றுபோனது. உட்பலகையைக் கழற்றிப் பார்த்தால், அடியில் மூன்று விரற்கடைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

அந்த பாஸ் என்னை ஏமாற்றவில்லை. நல்ல மனதோடு பிழையான ஒன்றைச் சொன்னார். அதே பிழை கொழும்பில் இன்றும் வாய்க்கு வாய் போய்க்கொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

"நல்ல கார் என்றால் கதவுக்குள் தண்ணீர் போகாது" என்பதுதான் எல்லாவற்றுக்கும் வேரான நம்பிக்கை. கண்ணாடி ஏறி இறங்கும் இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கண்ணாடிக்கும் தகட்டுக்கும் இடையே இருக்கும் ரப்பர் கண்ணாடியைத் தடவி நிற்கும், இறுக்கி மூடாது. இறுக்கி மூடினால் கண்ணாடி அசையவே முடியாது. ஆகவே கண்ணாடியில் வழியும் மழையில் ஒரு பங்கு கதவுக்குள் இறங்கியே தீரும். நேற்றுத் தொழிற்சாலையை விட்டு வந்த வாகனத்திலும் இறங்கும். ஜன்னலுக்கு மேல் பொருத்தும் வைசர் அதைக் குறைக்கும், நிறுத்தாது.

இதைத் தெரிந்துதான் கதவைச் செய்கிறார்கள். கதவின் உள்வெளி இரண்டு பாகம். வெளித்தகட்டை ஒட்டிய பாகம் நனைவதற்கென்றே விடப்பட்டது. அங்கே கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் பொறி, பூட்டு ஆகியவை இருக்கின்றன. நம் கை படும் உட்பலகைப் பக்கம் உலர்ந்திருக்க வேண்டிய பாகம். இரண்டுக்கும் நடுவே உள்ள இரும்புத் தகட்டில் பெரிய திறப்புகள் உண்டு. அவற்றை மூடி ஒரு பொலித்தீன் தாளைக் கறுப்புப் பசையால் ஒட்டியிருப்பார்கள். தாளில் படும் துளிகள் மறுபடி நனையும் பாகத்துக்கே வழிந்து, கதவின் அடிமடிப்பில் உள்ள நீள் துவாரங்களால் தெருவுக்குப் போய்விடும். வாகனத்துக்கு வாகனம் எண்ணிக்கை மாறும்; பெரும்பாலும் ஒரு கதவுக்கு இரண்டு முதல் நான்கு. ஓட்டு வீட்டின் கூரையோரப் பீலி செய்யும் வேலையே இது. பீலிக்குள் மழை விழுந்துவிட்டதே என்று நாம் யாரும் பதறுவதில்லை. பீலி அடைத்துக்கொண்டால்தான் ஏணி தேடுகிறோம்.

கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனில் 600 அளவில். அங்கும் இங்கும் ஓடும் வாகனங்களின் கதவமைப்பு ஒன்றுதான். இங்கே அந்தச் சிறு துவாரங்களுக்கு நான்கு மடங்கு வேலை.

அந்தத் துவாரங்களைத்தான் நாம் "கறள் தின்ற ஓட்டை" என்கிறோம், "வெள்ளத்தில் இதனால்தான் தண்ணீர் ஏறுகிறது" என்கிறோம். கறள் தின்ற ஓட்டைக்கு விளிம்பு பிய்ந்திருக்கும், சுற்றிலும் பெயின்ட் பொருக்குத் தட்டியிருக்கும். தொழிற்சாலைத் துவாரத்தின் விளிம்பு மழமழப்பாக இருக்கும். எதிர்ப்பக்கக் கதவிலும் அதே இடத்தில் அதே அளவில் இருக்கும். தெருவெள்ளம் கதவின் அடியைத் தொட்டால் துவாரத்தால் தண்ணீர் ஏறும் என்பது உண்மை. வெள்ளம் வடிந்ததும் அதே வழியால் இறங்கிவிடும் என்பதும் உண்மை. அடைத்துவிட்டால் வெள்ளம் வேறு இடுக்குகளால் நுழையும், இறங்குவதற்குத்தான் வழி இராது.

இவை தாமாகவும் அடைபடும். கொழும்பு வீதியோரத்து மாரா மரங்களின் சிற்றிலை விரல்நகம் அளவுதான். கண்ணாடி ரப்பருக்குள் சுலபமாக நழுவி விழும். தூசியோடு சேர்ந்து அடியில் சேறாகக் குழைந்து இறுகும். ஆனால் மனிதர் கையால் அடைபடுவதுதான் எனக்கு வருத்தம். கறள் பிடிக்காதிருக்க என்று அடிப்பாகத்துக்குத் தார் போன்ற பூச்சு அடிக்கும்போது துவாரத்தின் மேலும் அடித்துவிடுகிறார்கள். டிங்கர் வேலை முடிந்த கதவின் மடிப்பில் பூசும் பசை துவாரத்தையும் சேர்த்து மூடிவிடுகிறது. கறளைத் தடுக்கச் செய்த வேலையே கறளுக்குத் தொட்டில் கட்டிவிடுகிறது. கதவின் வெளித்தகடு உள்தகட்டின் மேல் மடிந்து நசுங்கியிருக்கும் அந்த அடிவிளிம்புதான் முழுக் கதவிலும் பலவீனமான இடம். அந்த மடிப்புக்குள் ஈரம் நின்றால் உலராது. கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். கதவின் அடியில் வெளிப்பெயின்ட் கொப்புளித்திருப்பதை நாம் பார்க்கும் நாளில், உள்ளே வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும். "வெயிலில் விட்டால் காய்ந்துவிடும்" என்பதும் இதனால்தான் பிழை. அடைபட்ட கதவுக்குள் வெயில் செய்வது ஆவி பிடிக்கும் வேலை. ஆவி மேலே போய்ப் பூட்டிலும் மோட்டாரிலும் வேர்க்கும். பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு ஷட்டர் மோட்டார் வாங்கிப் போட்டுவிட்டு, துவாரத்தைப் பார்க்காமல் கதவை மூடினால், வாங்கியதும் அதே தண்ணீருக்குத்தான்.

சத்தம் பெற்றோல் டாங்கியிலிருந்து வருகிறது என்று சிலர் நினைப்பார்கள். எஞ்சினை நிறுத்தி, கதவை மட்டும் அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காலடிக் கார்ப்பெட் நனைந்தால் "ஏசி தண்ணீர்" என்று முடிவுகட்டுவது இன்னொன்று. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஏசியின் வடிகுழாய் அடைபட்டாலும் முன் இடது காலடி நனையும். ஆனால் அது வெயில் நாளிலும் ஏசி ஓடினால் வரும். தண்ணீர் தெளிவாக இருக்கும். கதவுத் தண்ணீர் மழைக்குப் பிறகு, ஓடாமல் நின்ற வாகனத்திலும் வரும். ஈரம் கதவுப்படியை ஒட்டித் தொடங்கும். உட்பலகையின் கீழ் விளிம்பில் கறை தெரியும். வைப்பருக்குக் கீழேயுள்ள பள்ளத்தில் இலை அடைத்தாலும் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், அதையும் பார்க்க வேண்டும்.

கதவால் வருகிறதென்றால், ஒன்று துவாரம் அடைபட்டுத் தண்ணீர் மட்டம் ஏறியிருக்கும், அல்லது அந்தப் பொலித்தீன் தாள் கிழிந்திருக்கும். ஸ்பீக்கர் மாற்றும்போதும் மோட்டார் மாற்றும்போதும் தாளைக் கிழித்து, "அது வெறும் தூசிக்குப் போட்டது" என்று எறிந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மழையையும் உங்கள் கார்ப்பெட்டையும் பிரித்து வைத்திருந்ததே அந்தத் தாள்தான். கிழிந்தால் தடித்த பொலித்தீனை அளவாக வெட்டி, அதற்கென்று விற்கும் ஒட்டுப்பசையால் சுற்றிலும், முக்கியமாகக் கீழ் விளிம்பில் இடைவெளி விடாமல், ஒட்ட வேண்டும். செலோடேப் ஒரு மழைக்கும் தாங்காது. இங்கே நிறைய ஓடும் டொயோட்டா அக்குவாவில் ஹைபிரிட் பற்றரி பின் சீற்றின் கீழ் இருக்கிறது. அங்கே ஈரம் தேங்கவிடுவது கார்ப்பெட் நாறுவதோடு நிற்கிற விடயமல்ல.

பழைய வாகனம் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து ஆண்டும் இருக்கிற வாகனங்களே கைமாறின. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் மூழ்கியதை மறக்காதவர்கள், கதவில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் "வெள்ளத்தில் கிடந்த கார்" என்று திரும்பிவிடுகிறார்கள். கதவுத் தண்ணீர் மட்டும் அதற்குச் சாட்சி ஆகாது. சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கார்ப்பெட்டுக்குக் கீழே மெல்லிய மண்படிவும், டாஷ்போர்ட்டின் அடி ஆணிகளில் கறளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை எதுவும் இல்லாமல் கதவு மட்டும் சலசலத்தால், அடைபட்ட துவாரமாகவே இருக்கும்.

துவாரத்தைத் திறக்க கராஜ் தேவையில்லை. கதவை விரித்துத் திறந்து, அடிவிளிம்பைத் துணியால் துடைத்து, தொலைபேசிக் கமராவைக் கீழிருந்து பிடித்தால் துவாரங்கள் தெரியும். ஸ்க்ரூ டிரைவராலும் ஆணியாலும் குத்தினால் விளிம்புப் பெயின்ட் உரிந்து, கறளுக்கு நாமே வாசல் வைத்தவர்கள் ஆவோம். ஈர்க்கு முறிந்து உள்ளேயே தங்கும். நைலோன் கேபிள் டை ஒன்றே போதும். மெதுவாக நுழைத்து ஆட்டினால் சேறு விடும். சில வாகனங்களில் துவாரத்தின் மேல் சிறு ரப்பர் நாக்கு இருக்கும், அதைப் பிடுங்காமல் தூக்கிவிட வேண்டும். கொம்ப்ரசர் காற்றை ஓங்கி அடித்தால் தாள் உரியக்கூடும். பழைய எஞ்சின் ஒயிலைக் கதவுக்குள் ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. அது ரப்பரை ஊதவைக்கும், தூசியைப் பிடித்து மறுபடி அடைக்கும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: ஒரு துவாரம் திறந்தால் போதாது. செபஸ்தியன் ஹில் போன்ற சரிவில் முன்பக்கம் தாழ நிறுத்தினால் தண்ணீர் முன் மூலைக்குத்தான் ஓடும். பின் துவாரம் திறந்திருந்தும் பயனில்லை. என் கதவில் நடந்தது அதுவும்தான்.

முடிந்ததும் கண்ணாடியை மேலே ஏற்றி, அதன் வெளிப்பக்கமாக அரைப் போத்தல் தண்ணீரை மெல்ல ஊற்றிப் பாருங்கள். சில விநாடிகளில் அடியில் சொட்டத் தொடங்க வேண்டும்.

ஒரு ஞாயிறு காலையில் நான் அந்தச் சிலிக்கனை நகத்தாலும் கேபிள் டையாலும் கிள்ளி எடுத்தேன். அம்மா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முன் கதவு சொட்டத் தொடங்கியதும், "பின் கதவையும் பார், தம்பி" என்றார். எங்கள் வீட்டில் பின் சீற்றில் ஏற ஆளில்லை; அந்தக் கதவைத் திறந்தே எத்தனையோ மாதம். பேசினை அடியில் வைத்து நுழைத்த உடனே கறுத்த சேறு ஒரு கட்டியாக விழுந்தது, பின்னால் மாரா இலைகள், பிறகு தண்ணீர். அரை பேசின் நிறைந்தது.